மலை எத்தனை சிபிஎம்?

ஷார்ஜா ரோலாவில் எங்கள் கார்கோ கடை இருந்த சந்தில் இன்றைக்கும் ஒரு பேச்சு ஓடுகிறது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பெட்டி கட்டி அனுப்பிய பாய், தான் ஒரேயடியாக ஊருக்குப் போன அன்று ஒற்றைக் கைப்பெட்டியோடு போனார் என்பதுதான் அது. பக்கத்து ஜூஸ் கடைக்காரர் கடைசிவரை நம்பவில்லை. "கன்டெய்னர் பின்னாடி கப்பல்ல போகுது, நீங்க வேணா பாருங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கப்பலும் இல்லை, கன்டெய்னரும் இல்லை. காரணம் எனக்குத் தெரியும், ஏனென்றால் சீனாவில் அந்த மலைமேல் நானும் இருந்தேன். ஆனால் மனுஷரைத் தெரியாமல் மலையைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. அதனால் முதலில் மனுஷர்.

நான் திருச்சிக்காரி. கணவரோடு ஷார்ஜாவுக்கு வந்து, வீட்டிலேயே இருந்து சுவரைப் பார்த்துச் சலித்துப்போய் வேலை தேடிக்கொண்டிருந்தேன். கார்கோ கடையில் டாக்குமென்ட் வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் ஸ்டீல் டேப் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கீழக்கரைக்காரர், வெள்ளைச் சட்டை, நரைத்த தாடி. நான் நீட்டிய சர்ட்டிபிகேட்டைத் திறக்கவே இல்லை.

"தங்கச்சி, இந்த மேசை எத்தனை சிபிஎம் வரும், சொல்லுங்க பாப்போம்."

"சிபிஎம்னா என்ன சார்?"

"நீளம், அகலம், உயரம். மூணையும் மீட்டர்ல அளந்து பெருக்குங்க. வர்றதுதான் சிபிஎம். கன்டெய்னர்ல ஒரு பொருள் எவ்வளவு எடத்த அடைக்கும்னு அதுதான் சொல்லும். ஒலகத்துல உள்ள அத்தனை பொருளும் இந்தக் கணக்குல அடங்கிரும்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "மனுஷங்களுமா சார்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். "மனுஷங்க தன்னால பிளைட் ஏறிப் போயிருவாங்க. அது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல. நாளைக்கே வேலையில சேந்துக்குங்க. சார் கீர்லாம் வேணாம், பாய்னே கூப்புடுங்க."

அப்படிச் சேர்ந்தவள்தான். பாயின் கண்ணுக்கு எந்தப் பொருளும் பொருளாகத் தெரியாது என்பதை முதல் வாரத்திலேயே புரிந்துகொண்டேன். எல்லாமே அட்டைப்பெட்டிக்குள் போகப்போகிற ஒன்றாகத்தான் தெரியும். ஒரு கல்யாணத்தில் பிரியாணி தேக்சாவைத் திறந்தபோது எல்லோரும் மூக்கை விரித்தார்கள். பாய் மட்டும் தேக்சாவைச் சுற்றி வந்து, "உள்ளுக்குள்ள இன்னும் ரெண்டு வைக்கலாம், வெளிய எடமே தின்னாது" என்றார். நாங்கள் புது சோபா வாங்கியதைப் பார்க்க வீட்டுக்கு வந்தவர், உட்காருவதற்கு முன் டேப்பை இழுத்து அளந்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். "கால கழட்ட முடியும்ல?" என்று கேட்டார். என் கணவர் தன் காலைத்தான் கேட்கிறார் என்று ஒரு நிமிஷம் பயந்துபோனார்.

அவருக்கென்று ஒரு சொல் உண்டு: "அனுப்பிரலாம்." எதைச் சொன்னாலும் அனுப்பிரலாம். வெள்ளிக்கிழமை ஆனால் தொழில்பேட்டைக் கேம்ப்களிலிருந்து ஆட்கள் வந்து கடையை நிறைத்துவிடுவார்கள். பால் பவுடர், கம்பளி, பாதாம், டார்ச் லைட் என்று வாங்கி வந்து கொட்டுவார்கள். எங்கள் மலையாளி பேக்கர் டேப் கன்னால் சர்ரென்று ஒட்டிக்கொண்டே இருப்பார். பெட்டி கட்டுகிற நேரத்தில்தான் அவர்களுக்கு வாய் திறக்கும். புதுக்கோட்டைக்காரர் ஒருவர் ஒரு தடவை சொன்னார், அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, கம்பெனியில் லீவ் கேட்டால் மாஃபி, கிடையாது என்கிறான் என்று. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

பாய் அவர் தோளில் கை வைத்து, "அம்மாவுக்கு என்ன செய்யுது?" என்றார்.

"முட்டிதான் பாய். எந்திரிச்சு நடக்க முடியல."

"அட, இதுக்கா அழுவுறீங்க? கால் அமுக்குற மெசின் ஒண்ணு வந்துருக்கு. அதையும் இதுலயே போட்டு அனுப்பிரலாம்."

அந்த மனிதர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெஷினைப் பார்க்கப் போய்விட்டார். போகும்போது முகம் தெளிந்துதான் இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும், அந்தக் கடையில் அழுதுகொண்டு வந்தவர்கள் ஒரு பெட்டியின் ரசீதோடு கொஞ்சம் லேசாகத்தான் போனார்கள்.

ஊராருக்கே இப்படி என்றால் சொந்த வீட்டுக்குக் கேட்க வேண்டுமா? கீழக்கரையில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார். பாய் இருந்த நாட்கள் ரொம்பக் குறைவு. லீவில் போய் வருவார், அவ்வளவுதான். ஆனால் அவர் அனுப்பிய சாமான்கள் அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தன. பேத்தி பிறந்தபோது போகமுடியவில்லை. ஒரு தொட்டில் அனுப்பினார். தொட்டிலைச் சுற்றித் தெர்மாகோல், அதைச் சுற்றிக் கம்பளி, அதைச் சுற்றி மரப்பெட்டி. தொட்டிலை விட்டுவிட்டுப் பிள்ளை அந்த மரப்பெட்டியில்தான் தவழ்ந்து விளையாடியதாம். அதையும் அவர் பெருமையாகத்தான் சொன்னார். "நம்ம பேக்கிங் அப்புடிம்மா, புள்ளைக்கே புடிச்சுப்போச்சு."

இனி சீனா. துபாய், ஷார்ஜா கடைக்காரர்கள் பலபேர் குவாங்சோவில் சரக்கு வாங்குவார்கள். ஆளுக்குக் கொஞ்சம் வாங்கினால் ஒரு கன்டெய்னர் நிறையாது. எல்லார் சரக்கையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கன்டெய்னரில் ஏற்றி அனுப்புவது பாயின் இன்னொரு தொழில். அதற்காக வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போய்விடுவார். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே ஓட்டல். அந்த ஓட்டலுக்குப் பின்னாலேயே ஒரு மலை. யுவேசியு மலை என்று பெயர். ஊருக்கு நடுவில் பச்சைப்பசேலென்று இருக்கும். பழைய ராஜாக்கள் காலத்துக் கோட்டைச் சுவர், ஐந்தடுக்கு மாடம், ஐந்து ஆடுகளின் பெரிய கல்சிலை எல்லாம் மேலே உண்டு. அந்த ஊருக்கு ஆட்டூர் என்றே ஒரு செல்லப்பெயர் இருக்கிறது. உலகத்தின் எந்த மூலையிலிருந்து வருகிறவர்களும் அந்த மலையில் ஏறிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

பாய் ஏறியதில்லை.

"இருபது வருஷமா பாய்? ஜன்னலைத் திறந்தா மலைன்னு சொல்றீங்க?"

"ஆமா, தொறந்தா மலைதான். அதான் தொறக்குறதில்ல, கொசு வருது."

"ஒரு தடவை ஏறிப் பாக்கலாமுல்ல?"

"பாத்து?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். "மலைய பேக் பண்ண முடியாதே தங்கச்சி."

நான் என் இன்வாய்ஸைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

அவர் மனைவிக்கு அந்த மலை தெரிந்ததே தற்செயலாகத்தான். பாய் ஓட்டல் அறையில் இருந்து வீடியோ காலில் பேசும்போது, மனைவிக்கு வாங்கிய டின்னர் செட்டைக் காட்டப் போனைத் திருப்பியிருக்கிறார். டின்னர் செட் பெட்டி ஜன்னலோரம் இருந்திருக்கிறது. அந்தம்மா டின்னர் செட்டைப் பார்க்காமல், "பின்னாடி அது என்ன மலை மச்சான்?" என்று கேட்டுவிட்டார். பிறகு பேத்தி போனில் தேடிக் காட்டியிருக்கிறாள். ஆட்டுக் கதையெல்லாம் கேட்டுவிட்டு அடுத்த நாள் போனில், "அந்த ஆட்டுச் செலய ஒரு நாளைக்குப் பாக்கணும் மச்சான்" என்று சொல்லியிருக்கிறார்.

பாய் என்ன செய்வார் என்று உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும். அனுப்பிவிட்டார்.

இடுப்பு உயரத்துக்கு ஒரு நகல். அச்சு அசலாக ஐந்து ஆடு, வாயில் நெற்கதிரோடு. தன் கையாலேயே பேக் செய்து, மரப்பெட்டி அடித்து, நான்கு பக்கமும் 'உடையும் பொருள்' என்று ஒட்டி, சென்னைத் துறைமுகம் வழியாகக் கீழக்கரைக்கு. பெட்டியைத் திறக்கத் தெருவே கூடிவிட்டதாம். உள்ளேயிருந்து ஆடு எட்டிப்பார்த்ததும் பாயின் மாமியார் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "யா அல்லா! செலய வூட்டுக்குள்ள கொண்டாந்து வைக்கிறதா? இந்த மாப்புள்ளைக்குக் கோட்டி கீட்டி புடிச்சிருச்சா?" என்று சத்தம் போட்டுவிட்டார். தொழுகிற வீட்டில் சிலை வைக்கமாட்டார்கள் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பாய்க்கும் தெரியும். ஆனால் பேக் செய்கிற மும்முரத்தில் அவர் உள்ளே இருப்பது என்ன என்று பார்க்கிறவர் இல்லை, எத்தனை சிபிஎம் என்றுதான் பார்ப்பார்.

கடைசியில் ஐந்து ஆடுகளும் கொல்லையில் தென்னைக்குப் பக்கத்தில் பாலிதீன் சுற்றி நிறுத்தப்பட்டன. அக்கம்பக்கத்து நிஜ ஆடுகள் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போகுமாம். "உம் மச்சான் அனுப்புன ஆட்டுல பக்ரீதுக்கு எங்களுக்கும் ஒரு பங்கு உண்டுல்ல?" என்று தெருப் பெண்கள் கேலி செய்து பாயின் மனைவியை ஒரு வழி பண்ணிவிட்டார்கள்.

பாய் என்னிடம் வந்து நியாயம் கேட்டார். "பாக்கணும்னு சொன்னா. அனுப்புனேன். ஒரு மூலகூட ஒடையல. அதுக்குப்போயி ரெண்டு நாளா போன எடுக்க மாட்டேங்கிறா. என்னம்மா இது?"

"பாய், லாத்தா கேட்டது ஆட்டை இல்ல." அவர்கள் ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள், பாயின் மனைவியை நானும் அப்படித்தான் சொல்வேன்.

"பின்ன?"

"யோசிங்க" என்றேன். யோசித்தார். சாயங்காலம் வந்து, "பெரிய சைஸ் கேட்டுருப்பாளோ?" என்றார்.

கடைசி மகளுக்கும் கல்யாணம் முடிந்தபிறகுதான் அந்த லாத்தா ஷார்ஜாவுக்கு வந்து சேர்ந்தார். பாய் பேமிலி விசா எடுத்திருந்தார். ஒல்லியான, சுறுசுறுப்பான பெண்மணி. பேச்சில் மிளகு இருக்கும். மத்தியானச் சாப்பாட்டைக் கடைக்கே எடுத்து வருவார். வந்த முதல் நாளே என் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க வூட்டுல அஞ்சு மிக்சி இருக்கு தங்கச்சி. அரச்சுப் போட்டா தின்னத்தான் ஆளில்ல" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் பாய் இருந்த பக்கம் பார்த்தார். பாய் யாருடைய பிரிட்ஜையோ அளந்துகொண்டிருந்தார்.

ஷார்ஜாவுக்கு வந்தால் மனுஷரோடு இருக்கலாம் என்று நினைத்துத்தான் வந்திருக்கிறார். இங்கேயும் பாய் காலையில் கடை, மதியம் குடோன், ராத்திரி கன்டெய்னர். லாத்தா பிளாட்டில் உட்கார்ந்து எதிர் பிளாட் பால்கனியில் காயும் துணிகளை எண்ணிக்கொண்டிருந்தார். சில மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சாப்பாட்டுக் கேரியரை மேசையில் வைத்தார். உட்காரவில்லை.

"மச்சான், நான் ஊருக்குப் போறேன்."

பாய் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் புள்ள? என்ன வேணும் சொல்லு."

"எனக்கு ஒண்ணும் வேணாம். போறதுக்கு முன்னாடி அந்த மலைக்கு என்னையக் கூட்டிக்கிட்டுப் போங்க. நமக்குக் கல்யாணமாயி பேரம்பேத்தி எடுத்தாச்சு. நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு எடத்துக்குப் போயி, சேந்து நின்னு ஒண்ணப் பாத்தோம்னு இருக்கா?"

பாய் உடனே முகம் மலர்ந்தார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன், ஏனென்றால் அந்த மலர்ச்சி எனக்குத் தெரியும். "அவ்வளவுதானே? குவாங்சோல நம்ம ஏஜென்ட் பையன்கிட்டச் சொல்லி மலைய மேலேர்ந்து கீழ வரைக்கும் வீடியோ எடுத்து..."

"அனுப்பிரலாம்" என்று லாத்தா முடித்தார். பேக்கர் டேப் கன்னை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "அனுப்புங்க. நான் கண்ண மூடிக்குவேன். மலையையும் அனுப்பத்தான் போறீங்கன்னா, இனிமே உங்கட்ட நான் எதுவுமே கேக்க மாட்டேன். இது சத்தியம்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். கேட்கிறவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டால் அனுப்புகிறவருக்கு அப்புறம் என்ன மிச்சம்? பாய்க்கும் அது உறைத்திருக்க வேண்டும். டேப்பை எடுத்து ஒரு சாண் இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து, விட்டு, "டிக்கெட் போடுங்க தங்கச்சி. மூணு பேருக்கு. இவளுக்குத் தொணையா நீங்களும் வாங்க" என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். துணைக்கு எதற்கு ஆள், கூடவே புருஷன் இருக்கும்போது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். சீனா என்றதும் வாய் அடைத்துவிட்டது.

குவாங்சோவில் முதல் நாள் மார்க்கெட். இரண்டாம் நாள் குடோன். மூன்றாம் நாள் மறுபடி மார்க்கெட். மலை எப்போது என்று கேட்டால் "நாளைக்கு இன்ஷா அல்லாஹ்". லாத்தா ஒரு தடவைதான் கேட்டார், அப்புறம் கேட்கவில்லை. ராத்திரி ஓட்டல் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பாய் கொசு வரும் என்றார். லாத்தா மூடவில்லை.

திரும்புவதற்கு முந்தின நாள் காலையில் ஒருவழியாகக் கிளம்பினோம். லாத்தா புது புர்கா போட்டிருந்தார். ஊரிலிருந்து வந்த தொதல் என்கிற கருப்பட்டி இனிப்பு ஒரு டப்பா நிறைய, தண்ணீர் பாட்டில், தொழுகை விரிப்பு என்று மூன்று பைகள், கூட ஒரு குடை. மலையடிவார வாசலுக்குப் போனபோது பாயின் போன் அடித்தது. கன்டெய்னரில் சரக்கு ஏற்ற ஆரம்பிக்கப்போகிறார்களாம். பாய் போனைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்க ரெண்டு பேரும் மெதுவா ஏறிப் பாத்துட்டு வாங்க. நான் போயி ஒரு எட்டு..."

"பாய்!" என்றேன். "நல்லாருக்கா இது உங்களுக்கே?"

"லோடிங்மா! நான் போயி நிக்கலைன்னா கண்ணாடி ஐட்டத்த அடியில வச்சு மேல இரும்பப் போட்ருவானுவ. நீங்க மேல போனதும் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிருங்க."

லாத்தா தன் கையிலிருந்த பைகள் மூன்றையும், குடையையும் சேர்த்து, அவர் கையில் கொடுத்தார். "இதப் புடிங்க. தூக்கிக்கிட்டு ஏற முடியாது" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படிகளில் ஏற ஆரம்பித்துவிட்டார். நான் பாயை ஒரு முறை முறைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

நல்ல மலைதான். பெரிய உயரமில்லை. ஆனால் முட்டி தேய்ந்தவர்களுக்கு எந்த மலையும் உயரம்தானே? வழியெல்லாம் விழுது விட்ட ஆலமரங்கள். வயசானவர்கள் கூட்டம் கூட்டமாகக் கையை ஆட்டி உடற்பயிற்சி செய்தார்கள், சீட்டாடினார்கள், ஒரு கிழவரும் கிழவியும் பெட்டி ரேடியோ வைத்துக்கொண்டு ஜோடியாக ஆடினார்கள். லாத்தா அந்த இருவரையும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "இதுங்களுக்குப் போனே வராது போல" என்றார். பழைய கோட்டைச் சுவரில் மரத்தின் வேர்கள் பரவிக் கிடந்தன. அதில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினோம்.

மேலே ஆடுகள். சின்ன நகலின் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு இளக்காரமாகிப் போயிருந்தது. நேரில் பார்த்தபோது வாயைப் பிளந்துவிட்டேன். மாடிவீட்டு உயரத்துக்குக் கல் ஆடு, வாயில் கதிரோடு, தலையை நிமிர்த்தித் தூரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. காலடியில் மற்ற ஆடுகள். அதில் ஒரு குட்டி தாயிடம் பால் குடித்துக்கொண்டிருக்கிறது.

"அந்தக் கதைய இன்னொரு வாட்டி சொல்லு தங்கச்சி" என்றார் லாத்தா, திட்டில் உட்கார்ந்துகொண்டு.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்த ஊரில் முன்னொரு காலத்தில் பெரும் பஞ்சம். வானத்திலிருந்து ஐந்து பேர் ஐந்து ஆட்டில் ஏறி வந்து, நெற்கதிரைக் கொடுத்து, இனி பசியே வராது என்று வாழ்த்திவிட்டுத் திரும்பப் பறந்துபோனார்கள். ஆடுகள் மட்டும் போகவில்லை. இங்கேயே கல்லாக நின்றுவிட்டன.

"கார்கோ கம்பெனிதான் லாத்தா. டோர் டெலிவரி" என்று அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "குடுத்தவங்க குடுத்துட்டுப் போயிட்டாங்க. ஆடு போவல பாரு" என்றார். "போவாம நின்னதுக்குத்தான் இவங்க செல வச்சிருக்காங்க. குடுத்துட்டுப் போனவங்களுக்கு வைக்கல."

நான் பேச்சை மாற்ற போனை எடுத்து, "வாங்க லாத்தா, ஆட்டோட ஒரு போட்டோ" என்றேன்.

"வேணாம். எடுத்தா அனுப்பச் சொல்லுவாரு."

தொதல் சாப்பிடலாம் என்று கையை நீட்டியவர், பை தன்னிடம் இல்லாததை நினைத்து இழுத்துக்கொண்டார். அப்போது என் போன் அடித்தது. பாய்தான்.

"என்னம்மா, இன்னும் போட்டோ வரலையே?"

"நீங்க லோடிங்ல இல்லையா பாய்?"

"எங்கேர்ந்து போறது? மூணு பையும் கொடையும் என் கையில குடுத்துட்டா. இதத் தூக்கிக்கிட்டு குடோனுக்குப் போக முடியுமா? கீழ பெஞ்சுலதான் உக்காந்துருக்கேன். மேல என்னம்மா இருக்கு? ஆடு பெரிசா?"

நான் லாத்தாவைப் பார்த்தேன். உதட்டோரத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு. அடேயப்பா, அந்தப் பைகள் சும்மா கைமாறவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது! போனை வாங்கிக்கொண்டார்.

"மச்சான், பேக் பண்ண முடியல. வேணும்னா நீங்களே ஏறி வந்து பாருங்க." சொல்லிவிட்டு போனை அணைத்து என் கையில் கொடுத்தார்.

அதன்பிறகு லாத்தா ஆட்டைப் பார்க்கவே இல்லை. படிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பும் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள், படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கொடியைத் தூக்கிக்கொண்டு ஒரு டூரிஸ்ட் கூட்டம் வந்தது, அதுவும் போனது. ஒவ்வொரு தலையும் படியில் தெரியும்போது லாத்தா முதுகை நிமிர்த்துவார், வேறு தலை என்றதும் சாய்ந்துகொள்வார். பைகளை ஓட்டலில் போட்டுவிட்டு பாய் குடோனுக்கே போயிருந்தால்? வாய்விட்டே வேண்டிக்கொண்டேன், எங்கள் திருச்சிப் பிள்ளையாரைத்தான். லாத்தா என்ன ஓதினார் என்று தெரியாது, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

முதலில் குடைதான் தெரிந்தது. பிறகு வேர்வையில் ஊறிய வெள்ளைச் சட்டை. இரண்டு தோளிலும் இரண்டு பை, கழுத்தில் குறுக்காக ஒன்று, ஒரு கையில் குடை, இன்னொரு கையால் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாய் மூசு மூசு என்று வந்துகொண்டிருந்தார். வழியில் அந்த ஆடுகிற கிழவர் உதவிக்குக் கை நீட்டியிருக்கிறார் போல. பாய் திரும்பி அவரிடம் "ஷுக்ரன், ஷுக்ரன்" என்று அரபியில் நன்றி சொல்லிக்கொண்டே ஏறினார்.

வந்து நின்றார். பைகளை இறக்கவில்லை. தலையைத் தூக்கி ஆட்டைப் பார்த்தார். காலிலிருந்து கொம்பு வரை பார்த்தார். கொம்பிலிருந்து மறுபடி கால் வரை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் டேப்பை எடுத்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். லாத்தா கண்ணை மூடிக்கொண்டார்.

பாய் டேப்பை இழுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"அடங்காது" என்றார் கடைசியில். "நாப்பது அடி கன்டெய்னர்லயும் அடங்காது."

லாத்தா கண்ணைத் திறந்தார். "அடங்காட்டி என்ன செய்யணுமாம்?"

பாய் அவரைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் எதையாவது அளக்காமல் பார்த்ததை அன்றைக்குத்தான் நான் கண்டேன்.

"நாமதான் வரணும் புள்ள" என்றார்.

லாத்தா திட்டில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பாய் பைகளை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். லாத்தா டப்பாவைத் திறந்து தொதலை ஒரு துண்டு பிய்த்து அவர் வாயிலேயே வைத்தார், நான் அங்கே நிற்பதையும் மறந்து. நான் கோட்டைச் சுவர்ப் பக்கம் திரும்பி, சீன எழுத்துப் பலகையை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தேன்.

பாயின் போன் அடித்தது. குடோனிலிருந்துதான். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. பாய் எடுத்துப் பார்த்துவிட்டுத் தொழுகை விரிப்புப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "பாய், கண்ணாடி ஐட்டத்த அடியில வச்சிருவானுவ. எல்லாம் உடைஞ்சிரும்" என்றேன்.

"ஒடையட்டும்மா" என்றார் பாய், வாய் நிறையத் தொதலோடு.